ஐந்தாம் பால்

ரங்கூனில் குண்டு விழுந்ததற்கு மறுவருஷம் காயல்பட்டணத்துத் தெருக்களில் எந்நேரமும் ஆண்கள் நடமாடினார்கள். அதற்கு முன்பெல்லாம் பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும்தான் அப்படி ஆண் முகம் பார்க்க முடியும். பர்மாவில் கடையையும் சரக்கையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அரக்கான் காட்டு வழியாகக் கால் வீங்க நடந்து வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். செய்ய வேலை இல்லாமல் பள்ளிவாசல் பக்கமும் கடைத்தெருவிலும் உட்கார்ந்து யுத்தக் கதை பேசினார்கள். கொழும்புக்குப் போனவர்கள் பாடு வேறு. தூத்துக்குடியிலிருந்து கப்பல் உண்டு என்பார்கள், மறுநாளே இல்லை என்பார்கள். போன ஆள் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஜெய்னம்புவின் புருஷன் வாவுவும் அவள் தம்பி மஹ்மூதும் அப்படித்தான் கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருவரும் கூட்டாக ஒரு கடை வைத்திருந்தார்கள். இங்கே ஜெய்னம்பு தன் வீட்டிலும், மஹ்மூதின் பெண்சாதி ரஹ்மத்துன்னிஸா தன் வீட்டிலும் இருந்தார்கள். இரண்டு வீட்டின் பின்வாசல்களுக்கும் நடுவே ஒரு முடுக்கு. ஒரு ஆள் போகலாம், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒண்டிக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் பெண்கள் புழங்குகிற பாதையே அந்த முடுக்குகள்தான். குழம்புச் சட்டி அதன் வழியாகப் போகும், காய்ச்சல் விசாரிப்பு அதன் வழியாக வரும், சண்டையும் சமாதானமும் கூட அதன் வழியாகத்தான்.

காயல்பட்டணத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். ஜெய்னம்புவுக்கு மூன்றும் ஆண். மூத்தவன்கள் இரண்டு பேரும் ஓதப் போகிற வயசு, கடைக்குட்டி செய்யிதுக்குப் பத்து மாதம். மூன்று பேரும் ஒருநாள் மூன்று தெருவுக்குப் போய்விடுவார்கள், பிறகு இந்தப் பெரிய வீட்டில் தானும் அடுப்பும்தான் என்பது அவளை அவ்வப்போது வந்து உறுத்தும். அதனால் ரஹ்மத்துக்குத் தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தபோது, தீட்டுக் கழிவதற்குள் ஓடிப்போய் அதன் வாயில் சீனி தொட்டு வைத்துவிட்டாள்.

"இவ எங்க செய்யிதுக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

"நாங்க என்ன வேண்டாம்னா சொல்லுதோம், மச்சி?" என்று ரஹ்மத்து படுக்கையில் கிடந்தபடியே நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளைக்கு சாராம்பு என்று பெயரிட்டார்கள். கொழும்புக்குச் சேதி போனதும் வாவுவும் மஹ்மூதும் கையடித்துச் சம்பந்தத்தை உறுதி பண்ணி, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்களாம். செய்யிது மாப்பிள்ளையாகப் போகிற வீடு முடுக்குக்கு அந்தப் பக்கம். கூப்பிட்டால் 'என்னம்மா' என்கிற தூரம். ஜெய்னம்புவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பிள்ளைக்கு இரண்டாவது மாதம் நடக்கும்போது ரஹ்மத்துக்கு மார் கட்டிக்கொண்டது. அது உடைந்து ஆறுவதற்குள் விஷக்காய்ச்சல் பிடித்தது. காய்ச்சலோடு பால் வற்றிப் போயிற்று. சிங்கித்துறையிலிருந்து மீன் கொண்டுவருகிறவளிடம் சொல்லி வைத்து பால்சுறா வாங்கிப் புட்டு அவித்தார்கள், பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தார்கள். அவளால் இரண்டு வாய்க்கு மேல் இறக்க முடியவில்லை. டப்பாவில் வருகிற பால் மாவு யுத்தத்தில் கண்ணில் காணவில்லை. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினார்கள். மூன்றாம் நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது.

வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்தார்கள். ஓதித் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். வயிறு நிற்கவில்லை. ஒருநாள் காலை, எல்லாரும் லாத்தா என்று கூப்பிடுகிற ரஹ்மத்தின் அக்கா ராஹிலா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"ஜெய்னம்பு, இங்கன வந்து தொட்டுப் பாரு. உச்சிக்குழி உள்ள போயிட்டு."

ஜெய்னம்பு தொட்டுப் பார்த்தாள். விரல் நுனி பதிகிற அளவுக்குப் பள்ளம். பிள்ளையின் கண்ணும் குழிந்திருந்தது. வாயைத் திறந்து அழுதது, கண்ணீர் வரவில்லை.

"லாத்தா, இனி ஓதிப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. தூத்துக்குடிக்குக் கொண்டு போவணும்."

"யாரு கொண்டு போவா? என்னால இவள விட்டுட்டு வர முடியாதுல்லா."

"நான் போறேன். காஜா காக்காவ வரச் சொல்லுங்க. செய்யித நீங்க பாத்துக்கிடுங்க, கஞ்சி குடிப்பான்."

காஜா ராஹிலாவின் புருஷன், ஜெய்னம்புவுக்கு அண்ணன் முறை. ரங்கூனில் பட்டுக்கடை வைத்திருந்தவர். நடந்து வந்த நடையில் இடது காலில் இரண்டு விரல் போயிருந்தது. அவர் போய் பஸ்ஸை நிறுத்தி வைத்தார். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் பின்னால் பெரிய அடுப்புப் போல ஒரு உருளை, அதில் கரியைப் போட்டு எரித்து, கைவிசிறி சுற்றி, அது புகையும் உறுமலுமாகக் கிளம்பும். முன்பக்கம் கோஷாப் பெண்களுக்கு என்று ஒரு பெஞ்சு, அதைச் சுற்றித் திரை.

தூத்துக்குடி போய்ச் சேர உச்சிவேளை ஆகிவிட்டது. திரை இடுக்கில் துறைமுகத்துப் பக்கம் சாம்பல் பூசிய கப்பல்கள் தெரிந்தன. பருத்தி மூட்டை வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. டாக்டர் மந்திரமூர்த்தி வயதானவர். பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். அது மடிப்பாகவே நின்று மெதுவாக இறங்கியது. 

"என்ன குடுத்திய?"

"ஆட்டுப்பால்" என்றார் காஜா.

"தண்ணி கொதிக்க வச்ச தண்ணியா?"

காஜா திரும்பிப் பார்த்தார். ஜெய்னம்பு குனிந்து பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

"சங்கைக் கழுவுனது எந்தத் தண்ணி? சரி, விடுங்க. ஒடம்புல ஈரமே இல்ல. கொதிச்சு ஆறின தண்ணியில குளுக்கோஸும் துளி உப்பும் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கிட்டே இருங்க. மருந்து எழுதித் தாரேன். ஆனா மருந்தெல்லாம் ரெண்டாவதுதான். தாய்ப்பால் கெடைச்சா இது பிழைக்கும்."

"தாய்க்கு டைபாய்டு, டாக்டர். பால் இல்ல."

"யாரு பாலா இருந்தா என்ன? வீட்டுல பச்ச ஒடம்புக்காரி வேற யாரும் இல்லியா? இந்த வயசுல இந்தக் குடலுக்கு வேற எதுவும் தாங்காது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "தாமசம் பண்ணாதிய" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜெய்னம்பு திரையோடு ஒண்டி உட்கார்ந்தாள். விடியலில் செய்யிதுக்குப் பால் கொடுத்ததுதான். மதியத்துக்கே மார் கனத்து, இப்போது கல்லாக இறுகி வலித்தது. சட்டை நனைந்து முந்தானை வரை ஊறிவிட்டது. மடியில் சாராம்பு வாயை இங்கும் அங்கும் திருப்பி எதையோ தேடிக்கொண்டிருந்தது. அழக்கூடச் சத்து இல்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். வெளியே முத்தையாபுரத்து உப்பளங்களில் வெயில் கண்ணைக் குத்தியது. உப்பு வாருகிற பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸின் புகையைப் பார்த்தார்கள்.

பால் கொடுத்தால் பிள்ளை தன் பிள்ளை ஆகிவிடும். செய்யிதுக்குத் தங்கச்சி. மார்க்கத்தில் அதற்குப் பிறகு கல்யாணம் கிடையாது. இது அந்த ஊரில் எல்லாப் பெண்ணுக்கும் தெரியும்.

ஆத்தூர்ப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. கிளீனர் இறங்கிக் கரி போட்டு விசிறியைச் சுற்ற ஆரம்பித்தான். ஆட்கள் இறங்கி வெற்றிலைக் கொடிக்கால் நிழலில் நின்றார்கள். ஆற்றுக் காற்று திரையை அசைத்தது. முனகலும் நின்று போயிற்று.

ஜெய்னம்பு குனிந்து பார்த்தாள். பிள்ளை வாயைத் திறந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. கை தானாகச் சட்டையை விலக்கியது. முதலில் பிள்ளைக்குப் பிடிக்கத் தெரியவில்லை. பால் அதன் கன்னத்தில் பீய்ச்சி அடித்தது. பிறகு பிடித்துக்கொண்டது.

வெளியே காஜாவின் செருமல் கேட்டது.

"தங்கச்சி, புள்ள சத்தத்தக் காணமே?"

அவள் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி! ஏதாவது... சொல்லும்மா, என்ன ஆச்சு?" அவர் திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல, காக்கா. குடிக்குது."

"எதக் குடிக்குது?"

அதற்கு அவள் ஒன்றும் சொல்லாததைக் கொண்டு அவரே புரிந்துகொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாலத்துப் பக்கம் நடந்து போனார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு தடவை கொடுத்தாள். மறுநாள் விடிகாலையில் ஒரு தடவை. வயிற்றோட்டம் மட்டுப்பட்டது. அன்று காலை காஜா மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் விசாரித்துக்கொண்டு வந்து ரஹ்மத்தின் வீட்டு முற்றத்தில் நின்றார். உள்ளே பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்கள்.

"அஞ்சு தடவை வயிறு நெறயக் குடிச்சாத்தான் பால் உறவாம். அதுக்குக் கொறஞ்சா ஒண்ணும் இல்லியாம். நம்ம மத்ஹபுச் சட்டத்துல அப்படித்தான்னு கிதாப எடுத்துப் பாத்தே சொன்னாஹ."

ராஹிலாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ இதுவரைக்கும் மூணு. இன்னும் ஒண்ணு கொடுக்கலாம். நாலோட நிறுத்திருவோம். அதுக்குள்ள வயிறு தேறிரும். புள்ளயும் பிழைச்ச மாதிரி, நிச்சயம் பண்ணுன கல்யாணமும் நிண்ட மாதிரி."

"அதுவும் நல்ல யோசனதான்" என்றாள் ஜெய்னம்பு. சொல்லும்போது அவளுக்கு உண்மையாகவே நிம்மதியாகத்தான் இருந்தது.

நாலாவதை அன்று சாயங்காலம் கொடுத்தாள். பிள்ளை குடித்துவிட்டு, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. அதன் பிறகு ஆட்டுப்பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி, கொதித்த தண்ணீர் கலந்து, சங்கையும் கொதிநீரில் போட்டு எடுத்துப் புகட்டினார்கள். டாக்டர் சொன்னதில் தாய்ப்பாலைத் தவிர எதையும் விடவில்லை. இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் காலையிலிருந்து திரும்பவும் ஓட்டம் பிடித்தது, வாந்தியும் சேர்ந்துகொண்டது.

அன்று ஜெய்னம்பு உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு ஊறப்போட்ட அரிசி. உலக்கைச் சத்தத்துக்கு நடுவே முடுக்கு வழியாகப் பிள்ளையின் அழுகை வந்தது. அவள் உலக்கையை நிறுத்தினாள். அழுகை நின்றது. இடித்தாள். திரும்பவும் வந்தது. செய்யிது தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்து எழுந்து நின்று, உமிழ்நீர் வழியச் சிரித்தான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் மண்டையின் எண்ணெய் வாசத்தை முகர்ந்தாள். 'இன்னும் கொஞ்சம் பாப்போம். லாத்தா பாத்துக்கிடுவா. ஆட்டுப்பாலு ஒடனே ஒத்துக்கிடாது, ரெண்டு நாள் ஆவும்.' இப்படித் தனக்குத் தானே என்னென்னவோ சொல்லிக்கொண்டாள். கால் மட்டும் பின்வாசலுக்கு நகரவில்லை. மார் இரண்டும் அழுகையைக் கேட்டு ஊற ஆரம்பித்துவிட்டது. அதை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடியும் உலக்கையை எடுத்தாள்.

உச்சி வெயில். பின்கதவு கிறீச்சிட்டது. நிமிர்ந்தவள் உலக்கையை அப்படியே போட்டாள்.

ரஹ்மத்து நின்றிருந்தாள். காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டிப்போய், எலும்பில் சேலையைச் சுற்றிவிட்டது போல. ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள், மற்றக் கையில் பிள்ளையைத் துணியோடு நெஞ்சில் அணைத்திருந்தாள். எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியவள்.

"ஏளா! ஒன்ன யாரு எந்திரிக்கச் சொன்னா? லாத்தா எங்க?"

"அவ தொழுவுதா. மச்சி, இத வாங்குங்க. கை நடுங்குது, போட்டுருவேன்."

ஜெய்னம்பு ஓடிப்போய் வாங்கினாள். கையில் எடை இல்லை.

"கொடுங்க மச்சி."

"ரஹ்மத்து, இது அஞ்சாவது. தெரியுமா?"

"தெரியும். அங்கன படுத்துக்கிட்டு எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

"பொறவு நீயும் நானும் சம்பந்தி இல்ல."

"ஆமா."

"மஹ்மூது வந்து கேட்டா என்ன சொல்லுவே?"

"புள்ள உசுரோட இருக்குல்லா, பாருங்கன்னு சொல்லுவேன்." ரஹ்மத்து சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. "நானும் ஆசப்பட்டேன் மச்சி. நான் மௌத்தாயிட்டாலும் ஒங்க மருமவங்கிற பேருல அது ஒங்க காலடியில கெடக்கட்டும்னுதான் ஆசப்பட்டேன். மருமவளா இருந்தாத்தான் வச்சுக்கிடுவியளா?"

ஜெய்னம்புவுக்கு அந்தக் கேள்வி செருப்பால் அடித்தது போல இருந்தது. காலையிலிருந்து முடுக்கு வழியாக வந்த அழுகையெல்லாம் ஒன்றாகத் திரும்பக் கேட்டது. மாவுக்கையைக்கூடக் கழுவாமல் அப்படியே உரல் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையை மாரோடு சேர்த்தாள். "பிஸ்மில்லாஹ்" என்றாள். அது இரண்டு தடவை உறிஞ்சிவிட்டுக் களைத்து நிறுத்தியது, பிறகு மறுபடியும் உறிஞ்சியது. அதற்குத் தெம்பு வருகிறவரை அவள் காத்திருந்தாள். செய்யிது இதைப் பார்த்துப் பொறுக்காமல் தவழ்ந்து வந்து மறுபக்கத்து முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"அவனுக்கும் கொடுங்க மச்சி. அவனத் தள்ளாதிய" என்றாள் ரஹ்மத்து, கண்ணை மூடிக்கொண்டே.

இரண்டு பிள்ளைகளும் இரண்டு பக்கமும் குடித்தன. தொழுதுவிட்டு, படுக்கையில் தங்கச்சியைக் காணாமல் பதறி ஓடிவந்த ராஹிலா வாசலிலேயே நின்றுவிட்டாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு பாய் எடுத்து வந்து விரித்து, ரஹ்மத்தைத் தாங்கிப் பிடித்து அதில் கிடத்தினாள்.

அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை.

பிள்ளைக்குத் திரும்பவும் கண்ணீர் வந்த நாளில் ராஹிலா தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டுச் சொன்னாள். உச்சிக்குழி மேடாயிற்று. கை மடிப்பில் சதை விழுந்தது. ரஹ்மத்தின் காய்ச்சலும் ஒரு வழியாக இறங்கியது, பால் மட்டும் அவளுக்குத் திரும்பவில்லை. அந்த நாலைந்து மாதம் ஜெய்னம்புவுக்கு எந்நேரமும் பசிதான். ரேஷன் அரிசி பற்றாது. ராஹிலா தன் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்து முடுக்கு வழியாக அனுப்புவாள். காஜா விடிவதற்கு முன் கடற்கரைக்குப் போய், சின்னச் சுறாவாகப் பார்த்து வாங்கி, வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வீதி நெடுக விந்தி விந்தி நடந்து வருவார். ரங்கூனில் பட்டுக்கடை வைத்திருந்த மனுஷன் சுறாவோடு வருகிறாரே என்று கடைத்தெருவில் சிரிப்பார்கள். "எங்க வீட்டுல ரெட்டப் புள்ளக்காரி இருக்கால்லா" என்பார் அவர். புட்டு அவிகிற வாசமும் பூண்டு வாசமும் இரண்டு வீட்டிலும் நிறைந்திருக்கும். முடுக்கின் இரண்டு கதவுக்கும் அந்தக் காலத்தில் தாழ்ப்பாளே போட்டதில்லை. ஒரு பிள்ளை இங்கே அழும், ஒரு பிள்ளை அங்கே சிரிக்கும். எது யாருடையது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தெரியாது. பின்னாளில் அந்த வீடுகளில் மின்விளக்கு வந்தது, ரேடியோ வந்தது. ஆனாலும் நல்ல காலம் எது என்று கேட்டால் ஜெய்னம்பு யுத்த காலத்தைத்தான் சொல்லுவாள்.

ஆனால் அன்றைக்கு அவளுக்கு உள்ளூர ஒரு பயமும் இருந்தது. வாவு நல்லவர்தான். ஆனால் சொன்ன சொல்லில் நிற்கிறவர், மற்றவர்களும் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர். அவரைக் கேட்காமல் அவருக்கு ஒரு மகளை உண்டாக்கி, அவர் கையடித்துக் கொடுத்த சம்பந்தத்தை உடைத்திருக்கிறாள். இதைக் கொழும்புக்கு எழுதச் சொல்லி காஜாவைக் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

வாவு கப்பலில் வரவில்லை. கொழும்பில் ஓடு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு தோணியில் தூத்துக்குடி வந்து இறங்கி, தாடியும் உப்புமாக ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தார். மஹ்மூது அடுத்த தோணியில் வருகிறானாம். பிள்ளைகள் மேலே விழுந்து புரண்டார்கள். குளித்து, தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட பருப்பு, பொரித்த மீன். முதல் கவளம் எடுப்பதற்கு முன்னால் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். வெள்ளித் தண்டை, பிஞ்சுக் காலுக்கு.

"மருமவளுக்கு" என்றார்.

ஜெய்னம்பு அகப்பையைச் சட்டியில் வைத்தாள். "மருமவ இல்ல" என்றாள்.

வாவு நிமிர்ந்து பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரஹ்மத்தின் காய்ச்சல், தூத்துக்குடி டாக்டர், ஆத்தூர்ப் பாலம், உரல் இடித்த அன்று தான் போகாமல் நின்றது வரை, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கை சோற்றிலேயே இருந்தது.

"அஞ்சும் ஆயிட்டா?"

"அஞ்சுக்கு மேல எண்ணல."

பருப்பு ஆறி ஏடு படிந்தது. மூத்தவன்கள் இருவரும் மெல்ல எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

"மஹ்மூதுகிட்டக் கையடிச்சுக் கொடுத்தவன் நானு" என்றார் கடைசியில். "தெனமும் ராத்திரி கடைய அடச்சிட்டு அதத்தான் பேசிக்கிட்டுக் கெடப்போம். இவனுக்கு அவ, அவளுக்கு இவன்னு. குண்டு விழுமோன்னு பயந்து கெடந்தப்பவும் அதத்தான் பேசினோம். ஒனக்குத் தெரியுமா அது?"

"தெரியாது."

"ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்லா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தாள். சொல்லட்டும் என்று காத்து நின்றாள். வாவு இடது கையால் தண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், கீழே வைத்தார்.

அப்போது முடுக்குப் பக்கமிருந்து சாராம்புவின் அழுகை கேட்டது. விளக்கு வைத்ததும் அது வழக்கமாகப் பாலுக்கு அழுகிற நேரம். நன்றாகத் தொண்டை திறந்து, வீட்டையே கூப்பிடுகிற அழுகை. ஜெய்னம்புவின் உடம்பு கதவுப் பக்கம் திரும்பியது. ஆனால் அவள் நகரவில்லை. மாதக்கணக்கில் கடல் தாண்டிக் கிடந்து வந்த மனுஷன் சோற்றில் கை வைத்தபடி இருக்கிறார்.

அழுகை உச்சத்துக்குப் போனது. வாவு காதைக் கொடுத்துக் கேட்டார்.

"என்ன நிக்கே?" என்றார். "மவ அழுவுதுல்லா."

"நீங்க இன்னும் சாப்புடலியே."

"சோறு எங்கயும் ஓடிறாது. போ." அகப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆறிப்போன பருப்பைத் தானே ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார். "பால் குடிச்சதும் இங்கன தூக்கிட்டு வா. நானும் பாக்கணும்லா."

ஜெய்னம்பு பின்கதவைத் திறந்துகொண்டு முடுக்கில் இறங்கினாள். பாதி தூரம் போன பிறகுதான் அவர் சொன்ன 'மவ' என்ற சொல் அவள் காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டேன்ளா, வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தபடி நடந்தாள்.